'வாங்கக்கா' என்றாலும் வரவேற்புதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கடைக்குப் போங்க, சாப்பிடுங்க, காசு வாங்குங்க' என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, சேலத்தில் கல்லூரிப் பிள்ளைகளும் வீட்டிலிருக்கும் பெண்களும் மிஸ்டரி ஆடிட் வேலையைப் பற்றி விசாரிக்கிறார்கள். மறைமுக வாடிக்கையாளராகக் கடைக்குப் போய்வந்து ரிப்போர்ட் எழுதும் இந்த வேலையைச் சேலத்திலும் ஏற்காட்டிலும் செய்துவரும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். முகம் தெரியக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் முதல் நிபந்தனை. அதனால் எங்கள் பெயர்களைத் தவிர்க்க வேண்டுகிறோம்.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஐந்து ரோட்டிலோ கடைவீதியிலோ பத்து மணி நேரம் நிற்கும் ஒரு பெண்ணின் அந்த மாத இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை, நம் ரிப்போர்ட்டில் ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று விழுந்தால் போய்விடும். ஆகவே கோர்ட்டில் சாட்சி சொல்கிற பொறுப்போடு எழுதத் தெரிந்தவர்தான் இதற்கு வர வேண்டும். எழுதச் சொல்லும் நிறுவனங்களும் அதே பொறுப்போடு அந்தக் காகிதத்தைக் கையாள வேண்டும். இரண்டும் இங்கே குறைவாக இருக்கிறது.

துணிக்கடையோ நகைக்கடையோ ஹோட்டலோ பெட்ரோல் பங்க்கோ, தன் ஊழியர்கள் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று அறிய ஓர் ஆய்வு நிறுவனத்தை அமர்த்துகிறது. அந்த நிறுவனம் எங்களைப் போன்றவர்களைச் சாதாரண வாடிக்கையாளராக அனுப்புகிறது. 1940களில் அமெரிக்காவில், கல்லாவில் கைவைக்கும் ஊழியரைப் பிடிக்கப் பரவிய முறை இது. இன்று பெரும்பாலும் சேவைத் தரத்தைப் பார்க்கத்தான் பயன்படுகிறது. ஆனால் 'பிடிக்கப் போகிறோம்' என்ற அந்தப் பழைய புத்தி பலரை விட்டுப் போகவில்லை. குறை நாலு எழுதினால்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு என்று நினைக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று எழுதினாலும் அதே கட்டணம்தான் வரும். புதிதாக வருகிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

மோசடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலையில் சேர யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ஐ.டி. கார்டு கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்று. டெலிகிராம் குழுவில் சேர்த்து, ஒரு கடைக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி, முதல் நாள் 150 ரூபாய் கணக்கில் போடுவார்கள். மூன்றாம் நாள் 'பிரீபெய்டு டாஸ்க்' என்று 5,000 கட்டச் சொல்வார்கள். அங்கிருந்துதான் பணம் போக ஆரம்பிக்கும். போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. 'உங்க அக்கவுண்ட்ல பணம் வரும், அதை இன்னொருத்தருக்கு அனுப்புங்க, கமிஷன் உண்டு' என்பதும் மிஸ்டரி ஆடிட் கிடையாது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகிறது; கணக்கு முடக்கப்படும், போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். ஆய்வு நிறுவனத்தில் பதிவு செய்தபின் வேலை வந்தால் 'ப்ரீஃப்' என்று பல பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்புவார்கள். முதல் நாள் இரவே இரண்டு தடவை படித்துவிட வேண்டும். எந்தக் கிளை, எந்த நாள், எந்த நேரத்துக்குள், யாராக நடிக்க வேண்டும், எதை எவ்வளவுக்கு வாங்கலாம், எந்தெந்தப் படம் கட்டாயம், எதை நாமாகக் கேட்கக் கூடாது என்பவை அதில் இருக்கும். தள்ளுபடியாகும் ரிப்போர்ட்டுகளில் பலவற்றுக்குக் காரணம் சேவையைத் தவறாகக் கவனித்தது கிடையாது. ப்ரீஃபைச் சரியாகப் படிக்காததுதான். ஒரே பெயரில் நம் ஊரில் இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. ஓமலூர் ரோட்டுக் கிளைக்குப் போகச் சொன்னால் ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட கிளைக்குள் போய்விடுவார்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் முகவரியை ப்ரீஃபோடு வாசலிலேயே ஒத்துப் பாருங்கள். நேரமும் அப்படித்தான். மாலை 5 முதல் 8 வரை என்றால் 7.50க்கு உள்ளே நுழைந்து 8.20க்கு பில் வாங்கினால் முழு வேலையும் வீண். முடிவு நேரத்துக்கு ஒரு மணி முன்பாவது உள்ளே இருக்க வேண்டும்.

சென்னையில் இல்லாத ஒரு சிக்கல் சேலத்தில் உண்டு. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அம்மாப்பேட்டையிலிருந்தும் கொண்டலாம்பட்டியிலிருந்தும் பொன்னம்மாப்பேட்டையிலிருந்தும் கடைக்கு வேலைக்கு வரும் பெண்களில் ஒருத்தி நம் சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்து வீடாக இருப்பாள். அப்படித் தெரிந்தவர் இருக்கும் கடை என்றால் வேலையை ஏற்கவே கூடாது. உள்ளே போனபிறகுதான் பார்க்கிறோம் என்றால் ஏதாவது விலை கேட்டுவிட்டு வெளியே வந்து, காரணத்தை ஆய்வு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட வேண்டும். வேண்டியவர் என்று மதிப்பெண் ஏற்றுவதும், வேண்டாதவர் என்று இறக்குவதும் ஒரே குற்றம்தான். போன கடைக்கே திரும்பப் போக மூன்று மாதமாவது இடைவெளி விடுங்கள். நகைக்கடை ஊழியர்கள் முகத்தை மறப்பதில்லை.

உள்ளே போனதும் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்காதீர்கள். நேரம் குறிக்க எளிய வழி, உங்கள் வாட்ஸ்அப்பிலேயே உங்கள் எண்ணுக்குச் செய்தி அனுப்புவது. கதவைத் தாண்டியதும் 'வந்துட்டேன்', யாராவது வரவேற்றதும் 'சரி', பொருளைக் காட்ட ஆரம்பித்ததும் 'பாக்கறேன்', கல்லா வரிசையில் நின்றதும் 'பில்லு', பணம் கொடுத்ததும் 'கிளம்பிட்டேன்'. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிமிடம் தானாக நிற்கும். பார்ப்பவர்களுக்கு வீட்டுக்குப் பதில் அனுப்புவதுபோல்தான் தெரியும். நொடிக்கணக்கில் கேட்டால் மட்டும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு போனைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டலில் உட்கார்ந்ததிலிருந்து தண்ணீர் வரும் வரை, ஆர்டர் கொடுத்ததிலிருந்து முதல் தட்டு வரும் வரை என்று இரண்டு இடங்களில்தான் அது தேவைப்படும். பில்லை வாங்கியதும் வெளியே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் அது. வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்தால் சாயங்காலத்துக்குள் கறுத்துப்போய்விடும்.

பெயர் அட்டை இல்லாத ஊழியரை அடையாளம் எழுதுவதில் பலர் தவறுகிறார்கள். உத்தேச வயது, உயரம், கண்ணாடி, முடி பின்னலா கொண்டையா, சீருடையின் நிறம், நின்ற கவுண்டர் ஆகியவை போதும். 'கறுப்பா, குண்டா' என்று எழுதுவதையும், பேச்சை வைத்து ஊரையும் சாதியையும் ஊகித்து எழுதுவதையும் நாங்கள் வன்மையாக எதிர்க்கிறோம். அது அடையாளமும் ஆகாது.

நாமாகக் கேட்டுக் கெடுப்பது இன்னொரு வகை. வாஷிங் மெஷின் பார்க்கப் போகிறோம். 'வாரண்டி பற்றி ஊழியர் தாமாகச் சொன்னாரா' என்பது நாம் நிரப்ப வேண்டிய ரிப்போர்ட் படிவத்தில் ஒரு கேள்வி. போன இரண்டாம் நிமிடமே 'இதுக்கு எத்தனை வருஷம் வாரண்டிங்க' என்று கேட்டுவிட்டால் அந்தக் கேள்வி செத்துப்போயிற்று. அவர் சொல்லியிருப்பாரா மாட்டாரா என்று இனி யாருக்கும் தெரியாது. பிறகு அங்கே 'இல்லை' என்று குறித்தால் அது பொய்ச் சாட்சி. 'பாத்துட்டு சொல்றேங்க' என்று சொல்லி விலகும் வரை காத்திருங்கள். நல்ல விற்பனையாளர் அந்த இடத்தில்தான் வாரண்டியையும் இன்ஸ்டலேஷனையும் எடுப்பார்.

நகைக்கடை வேலை பெரும்பாலும் விசாரிப்போடு முடிந்துவிடும், வாங்க வேண்டியிருக்காது. ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டியது அதிகம். தங்கத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாள எண் உள்ள நகையைத்தான் ஹால்மார்க் நகை என்று விற்க முடியும். பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, 22கே916 போன்ற தூய்மைக் குறி, ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். லென்ஸ் கேட்டால் கொடுத்தார்களா, செய்கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியாகச் சொன்னார்களா, கல் எடையைக் கழித்துத்தான் தங்க எடை போட்டார்களா என்று பார்க்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு என்றால் கேள்வியே மாறும். அங்கே பேச்சு 'டச்' கணக்கில், அதாவது நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கில் நடக்கும். வெள்ளிக்கு ஹெச்.யு.ஐ.டி. முறை 2025 செப்டம்பரில்தான், அதுவும் விருப்ப அடிப்படையில் வந்தது. அது இல்லை என்பதற்காகக் கடைக்காரரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. எத்தனை டச் என்று கேட்டால் தெளிவாகச் சொன்னாரா, அதையே பில்லில் எழுதித் தர ஒப்புக்கொண்டாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. மும்பையில் தயாரான படிவத்தில் இந்தக் கேள்வி இருக்காது. கடைசியில் 'கூடுதல் கருத்து' என்ற கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

அந்தப் படிவங்களைப் பற்றித்தான் எங்கள் பெரிய மனவருத்தம். 'ஊழியர் நிறுவனம் வகுத்த வாசகத்தில் வரவேற்றாரா' என்று ஒரு கேள்வி வரும். வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும்: குட் ஈவினிங், வெல்கம், அதற்குப் பின் கடைப் பெயர். சேலத்துக் கடையில் அந்தப் பெண், கையிலிருக்கும் துணியை மேசையில் வைத்துவிட்டு, நேராகப் பார்த்து, 'வாங்கக்கா, உக்காருங்க, என்ன பாக்கறீங்க' என்கிறாள். கூட வந்த பாட்டிக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். இதைவிட நல்ல வரவேற்பு எந்த ஊரில் கிடைக்கும்? ஆனால் படிவத்தின்படி அது 'இல்லை'. ஐந்து மதிப்பெண் போயிற்று. எதிர்ப்புறம், தலை நிமிராமல் 'குட்டீவ்னிங் மேம்' என்று முணுமுணுத்தவருக்கு முழு மதிப்பெண்.

இந்த இடத்தில் ரிப்போர்ட் எழுதுபவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆம், இல்லை கட்டத்தில் ப்ரீஃப் என்ன சொல்கிறதோ அதைத்தான் குறிக்க வேண்டும். அதை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் விவரப் பகுதியில் அவர் சொன்ன சொல்லை அப்படியே, தமிழிலேயே எழுதி, பிறகு அதன் பொருளை எழுதுங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் கேட்டாலும் மேற்கோளுக்குள் இருப்பது அவர் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும். 'ஊழியர் முறைப்படி வரவேற்கவில்லை' என்ற ஒரு வரியைத் தலைமை அலுவலகத்தில் படிப்பவர் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'வாங்கக்கா, உக்காருங்க' என்பதையும் இழுத்துப் போட்ட நாற்காலியையும் படித்தால் அப்படி நினைக்க வழியில்லை. 'சித்த இருங்க, வந்தர்றேன்' என்பதைக்கூட 'காத்திருக்கச் சொன்னார்' என்று மொழிபெயர்த்தால் கடுமையாகிவிடும். 'இன்னொரு வாடிக்கையாளரை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்' என்றால் நடந்தது அதுதான்.

இன்னொரு கேள்வி: 'வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் நின்றுகொண்டிருந்தாரா?' தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் காலில் நிற்க வைக்கக் கூடாது என்பதற்காகவே வந்த பிரிவு அது. கால் நரம்பு சுருண்டு, வீங்கிய பாதத்தோடு பஸ் ஏறிப் போகும் பெண்களை நம் ஊர் ஜவுளிக்கடை வாசலில் இரவு ஒன்பதரை மணிக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சட்டம் உட்காரச் சொல்கிறது; படிவம் உட்கார்ந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத மதிய நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் நம்மைப் பார்த்ததும் எழுந்து வந்தார் என்றால், அப்படியே எழுதுங்கள்: 'வாடிக்கையாளர் இல்லை, அமர்ந்திருந்தார், நான் நுழைந்து நான்கு நொடியில் எழுந்து வந்தார்.' படிவத்தில் இந்தக் கேள்வி இருந்தால் அது சட்டத்தோடு முரண்படுகிறது என்று ஆய்வு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் சொல்லுங்கள். பலர் சொன்னால் மாற்றுவார்கள்.

ரிப்போர்ட் எழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. சேலைப் பிரிவுக்குப் போய்வந்த ஒருவர் இப்படி எழுதுகிறார்: 'நீண்ட நேரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு வந்தவர் சுமாராகப் பேசினார். துணியைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.' இந்த மூன்று வரியில் ஒரு தகவல்கூட இல்லை, மூன்றும் தீர்ப்புகள். அதே வருகையை இப்படி எழுத வேண்டும்: 'மாலை 6.42க்கு நுழைந்தேன். சேலைப் பிரிவில் ஊழியர் மூவர், வாடிக்கையாளர் பதினொருவர். 6.43க்கு நீலச் சீருடை அணிந்த ஊழியர் சேலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "வாங்கக்கா, ரெண்டு நிமிஷம், அவங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டு வந்தர்றேன்" என்றார். 6.47க்கு வந்தார். என்ன விலையில் வேண்டும் என்று கேட்டார். 3,000 என்றேன். ஏழு சேலை காட்டினார். எதுவும் 3,000க்கு மேல் இல்லை. இரண்டாவது சேலையின் ஜரிகை என்ன வகை என்று கேட்டேன். சூப்பர்வைசரைக் கேட்டு வந்து சொன்னார். துவைக்கும் முறையைத் தாமாகச் சொல்லவில்லை.'

இரண்டாவதைப் படித்தால் குறை எங்கே என்று முதலாளிக்குத் தெரியும். பதினொரு பேருக்கு மூன்று பேர் என்பது அந்தப் பெண்ணின் குறை கிடையாது, ஆள் போதாமை. ஜரிகை தெரியாதது பயிற்சிக் குறை. துவைக்கும் முறையைச் சொல்லாதது மட்டும்தான் அவர் திருத்திக்கொள்ள வேண்டியது. கூட்டக் கணக்கை எழுதாத ரிப்போர்ட்டில் இந்த மூன்றும் அவர் தலையில்தான் விழும். கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா நாட்களிலும், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களிலும் கடைவீதி இருக்கும் இருப்பு நமக்குத் தெரியும். படிவத்தைத் தயாரித்தவருக்குத் தெரியாது. எண்ணி எழுதுங்கள். நுழையும்போது ஒரு தடவை, பில் போடும்போது ஒரு தடவை.

எழுதி முடித்ததும் ஆம், இல்லை கட்டங்களையும் விவரத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். மேலே 'இரண்டு நிமிடத்துக்குள் கவனித்தார்: ஆம்' என்றும் கீழே நான்கு நிமிடக் காத்திருப்பும் இருந்தால் க்யூசியில், அதாவது ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் பிரிவில் இருப்பவர் திருப்பி அனுப்புவார். 6.43க்கு அவர் பேசியது கவனிப்பா, 6.47க்கு வந்தது கவனிப்பா என்பதற்கு ப்ரீஃபில் விளக்கம் இருக்கும். இல்லையென்றால் அனுப்பும் முன் கேளுங்கள். பெரும்பாலும் 12 அல்லது 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு இரவே எழுதுவதுதான் நல்லது. மறுநாள் காலையில் நினைவு தானாக இட்டுக்கட்ட ஆரம்பித்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று எழுதலாம். 'கைகழுவும் இடத்தில் சோப்பு இருந்ததா என்று பார்க்கத் தவறினேன்' என்று எழுதினால் சில மதிப்பெண் நமக்குக் குறையும், குறையட்டும்.

ஹோட்டல் வேலையில் பில்லைத்தான் முதலில் படிக்க வேண்டும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண் அதில் இருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜைக் கேட்காமலே சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. சேர்த்திருந்தால் அதைக் குறியுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் வரிசை முக்கியம். முதலில் வண்டிக்குப் போடுங்கள். 'ஜீரோ பாத்துக்கங்க' என்று சொன்னாரா, கேட்ட தொகை வரை நிறுத்தாமல் அடித்தாரா, இடையில் விட்டு விட்டு அடித்தாரா, பில் கொடுத்தாரா என்று கவனியுங்கள். காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகவே இருக்க வேண்டும். அதைப் பார்த்து முடியுங்கள். பெட்ரோலில் கலப்படம் பார்க்கும் ஃபில்டர் பேப்பர் சோதனையையும், அளவு சரியா என்று பார்க்கும் ஐந்து லிட்டர் அளவையையும் கடைசியாகக் கேளுங்கள். அவை எந்த வாடிக்கையாளருக்கும் உள்ள உரிமைதான், ஆனால் கேட்ட நிமிடத்தில் மேனேஜர் வந்து நிற்பார். அதற்குப் பிறகு ஊழியரின் இயல்பான நடத்தை கிடைக்காது. எடையளவு முத்திரை உள்ள அந்த ஐந்து லிட்டர் கலனில் 25 மில்லி வரை முன்பின் இருப்பது அனுமதிக்கப்பட்ட அளவு. பத்து மில்லி குறைந்ததும் 'அளவில் மோசடி' என்று எழுதியவர்கள் உண்டு. அப்படி ஒரு வரி பங்க் ஊழியரின் வேலையையே கொண்டுபோய்விடும்.

ஏற்காட்டு வேலைகளுக்குக் கட்டணம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் போய்வர அறுபது கிலோமீட்டரும் கணக்கில் வர வேண்டும். மலையில் மூன்று விஷயம் வேலையைக் கெடுக்கும். ஒன்று சிக்னல், செயலி இடத்தைப் பிடிக்காவிட்டால் படத்தை ஏற்காது. ப்ரீஃபையும் படிவத்தையும் அடிவாரத்திலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூடுபனி, மாலை நாலு மணிக்கு மேல் ஹோட்டல் பெயர்ப்பலகையே படத்தில் வெள்ளையாகத்தான் விழும். போனதும் எடுத்துவிடுங்கள், மறுநாள் காலை எடுக்கலாம் என்று விடாதீர்கள். மூன்றாவது, ரிப்போர்ட்டை ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் இடத்தின் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுவது. ஹோட்டல் ஊழியர்களும் ஷிஃப்ட் முடிந்து அங்கேதான் டீ குடிக்க வருவார்கள்.

அறை வேலை என்றால் கீஸரைக் காலை ஆறு மணிக்குப் போட்டு, கை பொறுக்கும் சூடு வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 'வெந்நீர் இருந்தது' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. கம்பளி கேட்டால் வர எவ்வளவு நேரம், சன்னல் கொண்டி முழுதாக விழுகிறதா என்பவை மலையில் குளிரைத் தீர்மானிப்பவை. மே மாதக் கோடை விழா நாட்களில் எந்த விடுதியும் தன் இயல்பில் இருக்காது. அந்த வாரத்து ரிப்போர்ட்டை வைத்து ஆண்டு முழுவதற்கும் ஒருவரை மதிப்பிடுவது நியாயம் ஆகாது. கடைகளில் காபித்தூள் வாங்கும் வேலை வந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிக்கரி கலந்திருந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'எஸ்டேட் காபி' என்று வாயால் சொன்னதும் பாக்கெட்டில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் எழுதுங்கள்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறோம். கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ப்ரீஃப் படிக்க அரை மணி, போய்வர ஒரு மணி, கடையில் முக்கால் மணி, எழுத ஒன்றரை மணி, க்யூசி கேள்விக்குப் பதில் சொல்லக் கால் மணி: நாலு மணி நேரம். பெட்ரோலுக்கு 40 போனால் மிச்சம் 360. மணிக்கு 90 ரூபாய். பணம் கைக்கு வர முப்பது முதல் அறுபது நாள் ஆகும். சாப்பாட்டுக்கு 600 வரை திருப்பித் தருவதாகச் சொல்லி பில் 645 ஆனால் அந்த 45 நம்முடையது. கட்டணம் தரும்போதே டி.டி.எஸ். என்று வருமான வரியைப் பிடித்தால், ஒப்பந்தப் பணி என்றால் 1 சதவீதம், தொழில்முறைக் கட்டணம் என்றால் 10, பான் எண் கொடுக்காவிட்டால் 20. பிடித்தது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கைச்செலவுக்கு ஆகும்.

கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த நாள், யார் வருவார் என்று சொல்ல வேண்டாம். இப்படி ஒரு முறை இருக்கிறது, இன்னின்ன பார்க்கப்படும் என்று வேலைக்குச் சேரும்போதே சொன்னால் போதும். உலகளாவிய ஆய்வுத் துறை அமைப்பான எசோமாரின் வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது. ஒரு மாதத்தில் ஒரே ஒரு வருகை என்பது அரை மணி நேரத்தின் கதை. அன்று அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு நேரம், வார நாளும் ஞாயிறும் கலந்து நான்கு வருகையாவது வந்தபிறகுதான் ஒரு போக்கு தெரியும். அதுவரை இன்சென்டிவில் கை வைக்காதீர்கள். ரிப்போர்ட்டைச் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள். அவர் தரப்பைக் கேட்டு அதே தாளில் குறித்து வையுங்கள். எல்லார் முன்னாலும் மதிப்பெண்ணை வாசிக்காதீர்கள். நல்லதாக வந்த வரிகளையும் படித்துக் காட்டுங்கள். 'பாட்டிக்கு நாற்காலி போட்டார்' என்று ஒரு முன்பின் தெரியாதவர் எழுதியிருக்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

வரவேற்பு வாசகத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளவும், நின்றுகொண்டிருந்தாரா என்ற கேள்வியை எடுத்துவிடவும் புதிய செலவு எதுவும் இல்லை. அந்தக் கேள்வி இருந்த இடத்தில் 'ஊழியர்களுக்கு இருக்கை போடப்பட்டிருந்ததா' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால், போகிற ஒவ்வொரு வருகையிலும் அதையும் பார்த்து எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மிஸ்டரி ஆடிட் வேலை செய்வோர் சிலர்,
சேலம்.